பேட் மாற்றிய பிறகு கீச்சிடும் பின்சக்கர டிஸ்க் பிரேக்: காரணத்தைத் தேடிப் பிடிக்கும் வழி

பின்சக்கரப் பிரேக் பேடுகளை, அதாவது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க் என்ற இரும்புத் தட்டை இருபுறமும் அழுத்தி நிறுத்தும் தகடுகளை, மாற்றிய மறுநாளே கீச்சென்ற சத்தம் கிளம்பினால், பழி முதலில் பேடின் மேல்தான் விழுகிறது. போலிப் பேடைப் போட்டுவிட்டார்கள் என்று முடிவு கட்டி, இன்னொரு ஜோடி வாங்கி மாட்டி, அதே சத்தத்தை மறுபடியும் கேட்பவர்கள் பலர். பேட் தரக்குறைவாக இருப்பதும் உண்டுதான். ஆனால் மாற்றியவுடன் தோன்றும் சத்தத்தின் காரணம் பெரும்பாலும் பேட் உட்காரும் பள்ளத்திலோ, அதைப் பிடித்திருக்கும் கிளிப்பிலோ, பேடுகளை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் என்ற பிடிப்பான் நகரும் ஸ்லைடு பின் என்ற தண்டிலோ, பழைய டிஸ்க்கின் முகத்திலோதான் இருக்கும். ஆகவே புதுப் பேட் வாங்கும் முன், மாட்டியதைக் கழற்றி முறையாகப் பார்ப்பதே செலவு குறைந்த வழி.

ஹோண்டா சிவிக், ஸ்கோடா ஆக்டேவியா போன்ற கார்களில் உள்ளதுபோல், பின்சக்கரக் காலிப்பருக்குள்ளேயே ஹேண்ட் பிரேக் இயக்கமும் சேர்ந்திருக்கும் அமைப்பை மனத்தில் வைத்தே இங்கே விளக்கப்படுகிறது. முன்சக்கர பேடுகளை மாற்றிப் பழகிய கைகள் தடுமாறும் இடமும் இதுவே. முன் காலிப்பரில், பேடைத் தள்ளும் உருளையான பிஸ்டனைக் கிளாம்ப் வைத்து அழுத்தினால் உள்ளே போய்விடும். இந்த வகைப் பின் காலிப்பரிலோ பிஸ்டன் ஒரு திருகின் மேல் அமர்ந்திருப்பதால், அதை அழுத்திக்கொண்டே திருகித்தான் உள்ளே அனுப்ப வேண்டும். அழுத்த மட்டும் செய்தால் உள்ளிருக்கும் இயக்கம் கெட்டுவிடும்.

சத்தம் எப்போது வருகிறது

சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் காரை ஒருமுறை கவனமாக ஓட்டிப் பார்ப்பது அவசியம். ஒரு பக்கம் மதில் சுவர் உள்ள, ஆள் நடமாட்டமில்லாத தெருவில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு, பாட்டையும் ஏசியையும் நிறுத்திவிட்டு மெதுவாகப் போனால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியை வைத்து எந்தப் பக்கச் சக்கரம் சத்தம் போடுகிறது என்பது தெரிந்துவிடும். திரும்பும்போது சுவர் மறுபக்கம் வரும் என்பதால் இரு பக்கங்களையும் ஒப்பிடலாம்.

காலையில் முதல் நான்கைந்து முறை பிரேக் பிடிக்கும்போது மட்டும் கரகரவென்று கேட்டு, பிறகு அடங்கிவிட்டால் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. டிஸ்க் வார்ப்பிரும்பால் ஆனது. மழையில் நனைந்தாலோ காரைக் கழுவி நிறுத்தினாலோ ஒரே இரவில் அதன் முகத்தில் மெல்லிய துரு படியும், பேட் அதைத் துடைத்தெடுக்கும்போது அந்த ஒலி எழும். கடற்கரையை ஒட்டிய ஊர்களில் இது ஏறத்தாழ அன்றாட நிகழ்ச்சி.

மெதுவாகப் போகையில் இலேசாக மிதிக்கும்போது மட்டும் காதைக் குத்தும் கீச்சொலி வந்து, அழுத்தி மிதித்தால் நின்றுவிட்டால், அது பேட் அதிர்வதால் எழுவது. பேட் டிஸ்க்கின் மேல் ஒட்டுவதும் வழுக்குவதுமாக நொடிக்குப் பல ஆயிரம் முறை நடுங்குகிறது, அந்த நடுக்கத்தை டிஸ்க் பெருக்கிக் காட்டுகிறது. கிளிப், ஷிம் (பேடின் முதுகில் வரும் மெல்லிய தகடு), கிரீஸ், டிஸ்க்கின் முகம் ஆகியவை இந்த வகையில் முதல் சந்தேகத்துக்கு உரியவை.

பிரேக்கைத் தொடாதபோதும் சக்கரத்தின் சுழற்சிக்கு ஏற்ப 'சர்… சர்…' என்று உரசல் கேட்டால், டிஸ்க்குக்கு உட்புறம் உள்ள மெல்லிய தகரத் தடுப்பு வளைந்து டிஸ்க்கைத் தொடுகிறது, அல்லது தகரத்துக்கும் டிஸ்க்குக்கும் இடையில் சிறு கல் மாட்டியிருக்கிறது. வேலை செய்யும்போது காலிப்பரை அந்தத் தகரத்தின் மேல் சாய்த்து வைத்திருந்தாலே அது வளைந்துவிடும். பிரேக்கை இலேசாகத் தொட்டதும் மறையும் சத்தமாக இருந்தால், பேட் தன் இடத்தில் ஆடுகிறது அல்லது தேய்மான எச்சரிக்கைத் தகடு டிஸ்க்கை உரசுகிறது என்று கொள்ளலாம். முன்னால் போய்ப் பின்னால் எடுக்கும்போது ஒரே ஒருமுறை 'டக்' என்று கேட்பது, பேட் பள்ளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்வதன் ஒலி. கிளிப் தளர்ந்திருந்தாலோ மாட்டாமலே விட்டிருந்தாலோ இது பலமாகக் கேட்கும்.

வேகம் கூடக்கூட ஓங்கும் ரீங்காரமாக இருந்து, வளைவில் திரும்பும்போது அது கூடவோ குறையவோ செய்தால், பிரேக்கை விட்டுவிட்டு வீல் பேரிங்கைப் பார்க்க வேண்டும். இரும்பும் இரும்பும் அரைபடும் ஒலி கேட்டாலோ அந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். காரை ஓட்டாமல் நிறுத்திவிட வேண்டும்.

கழற்றும் முன் ஓர் எச்சரிக்கை

பின் காலிப்பரில் வேலை செய்ய ஹேண்ட் பிரேக்கை விடுவிக்க வேண்டும்; அதே நேரத்தில் பின்சக்கரம் தரையிலிருந்து தூக்கப்பட்டிருக்கும். அதாவது காரைப் பிடித்து நிறுத்தும் இரண்டு வழிகளும் ஒரே சமயத்தில் போய்விடுகின்றன. எனவே சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து, முன்சக்கர இயக்கக் காராக இருந்தால் கியரிலும் போட்டு, காரோடு வந்த ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டின் மேல் காரை இறக்கி வைத்த பிறகே கை வைக்க வேண்டும். பட்டனை அழுத்தினால் ஒரு மோட்டார் ஹேண்ட் பிரேக்கை இயக்கும் கார்களில், அந்த மோட்டாரைப் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோகாமல் பிஸ்டனைத் தொடக் கூடாது. சில கார்களில் பட்டனையும் பெடலையும் குறிப்பிட்ட வரிசையில் அழுத்தி அந்த நிலைக்குப் போகலாம், பலவற்றுக்குக் காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் தேவை. ஸ்கேனர் இல்லையென்றால் வேலையை அது உள்ள பட்டறையில் கொடுப்பதே நல்லது.

பிரேக் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது. பழைய, பெயர் தெரியாத பேடுகளில் கல்நார் இருக்கக்கூடும். பிரேக் கிளீனரைத் தெளித்து ஈரத்தோடு துடைத்தெடுப்பதே முறை. டீசலும் மண்ணெண்ணெயும் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்வதால் அவற்றை டிஸ்க்கின் அருகில்கூடக் கொண்டுபோகக் கூடாது. கீச்சிடும் பிரேக்கின் மேல் துருநீக்கி ஸ்பிரே அடிப்பவர்களும் இருக்கிறார்கள். சத்தத்தோடு பிரேக்கும் போய்விடும்.

பேடும் அது உட்காரும் இடமும்

சக்கரத்தைக் கழற்றியதும் காலிப்பரை உடனே அவிழ்க்காமல், வீல் நட்டுகள் இரண்டைப் போட்டு டிஸ்க்கை அழுத்தி நிறுத்தி, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். புதுப் பேட் இலேசாக உரசுவது இயல்பு. கையால் சுற்ற முடியாத அளவுக்குப் பிடித்திருந்தாலோ, ஒரு சுற்றில் ஓர் இடத்தில் மட்டும் இறுகினாலோ அது குறைதான். பிறகு டார்ச் அடித்து டிஸ்க்கின் இரு முகங்களையும் பார்த்தால், பேட் எங்கே தொடுகிறது என்பது பளபளக்கும் வளையமாகத் தெரியும். வெளிமுகத்தில் அகலமான வளையமும் உள்முகத்தில் குறுகிய கோடும் தெரிந்தால் காலிப்பர் சரியாக நகரவில்லை.

காலிப்பரை அவிழ்த்ததும் பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு கட்டி வைக்க வேண்டும். பேடுகளை எடுத்து முதலில் பார்க்க வேண்டியது எச்சரிக்கைத் தகடு. பேட் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குத் தேய்ந்ததும் டிஸ்க்கை உரசிச் சத்தமெழுப்புவதற்காக வைக்கப்பட்ட சிறு இரும்பு நாக்கு அது. பெரும்பாலான கார்களில் பிஸ்டன் பக்கத்து உள் பேடில்தான் அது வர வேண்டும். மேல்முனையா கீழ்முனையா என்பது காருக்குக் கார் மாறும். உள் பேடையும் வெளி பேடையும் மாற்றிப் போட்டாலோ, இடது வலது மாறிப் போனாலோ, அல்லது கை பட்டு அந்த நாக்கு வளைந்தாலோ, புத்தம் புதுப் பேடே தேய்ந்துபோன பேடைப்போல் கத்தும். பேடின் முதுகில் அம்புக்குறி இருந்தால், கார் முன்னே போகும்போது டிஸ்க் சுழலும் திசையை அது காட்ட வேண்டும்.

அடுத்தது, என் கணிப்பில் பாதிக்கு மேற்பட்ட சத்தங்கள் பிறக்கும் இடம்: பேடின் இரு முனைகளிலும் நீட்டியிருக்கும் காதுகள் நுழையும், காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் பள்ளங்கள். அங்கே எவர்சில்வர் கிளிப்புகள் பொருத்தப்பட்டிருக்கும். கிளிப்பைக் கழற்றினால் அதன் அடியில் பிராக்கெட்டின் இரும்பு துருப்பிடித்துப் பொங்கியிருப்பதைப் பார்க்கலாம். அந்தத் துரு கிளிப்பை மேலே தூக்கிப் பள்ளத்தைக் குறுக்கிவிடுவதால், தேய்ந்து மெலிந்த பழைய பேட் எப்படியோ நகர்ந்த இடத்தில், பெயின்ட் பூச்சோடு வரும் புதுப் பேட் இறுகிச் சிக்கிக்கொள்கிறது. சுத்தியலால் தட்டி உள்ளே அனுப்பிய பேட், பிரேக்கை விட்ட பிறகும் டிஸ்க்கை விட்டு விலகாது. அது சூடேறி, முகம் கண்ணாடிபோல் மினுங்கி, கீச்சிடத் தொடங்கும்.

வயர் பிரஷ்ஷாலும் தட்டை அரத்தாலும் அந்தத் துருவை மட்டும், நல்ல இரும்பைத் தொடாமல், சுரண்டி எடுக்க வேண்டும். கிளிப்புகளைப் புதிதாகப் போடுவது உத்தமம், விலையும் அதிகமில்லை. 'இது இல்லாமலே ஓடும் சார்' என்று கிளிப்பைத் தூக்கி எறியும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. ஓடத்தான் செய்யும், ஆனால் பேட் ஆடிக்கொண்டே ஓடும். சுத்தம் செய்து கிளிப்பை மாட்டிய பிறகு பேடை இரண்டு விரல்களால் தள்ளினால் முன்னும் பின்னும் வழுக்கிப் போக வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இறுக்கமாக இருந்தால் பேடின் காது ஓரத்தில் தடித்திருக்கும் பெயின்ட்டை மட்டும் அரத்தால் இலேசாக எடுத்துவிடலாம்.

ஸ்லைடு பின்னும் பிஸ்டனும்

காலிப்பர் இரண்டு ஸ்லைடு பின்களின் மேல்தான் நகர்கிறது. ரப்பர் உறையிலிருந்து அவற்றை உருவிப் பார்த்தால், பழைய கிரீஸ் காய்ந்து பழுப்பாக ஒட்டியிருப்பதும் சில இடங்களில் துருப்புள்ளிகளும் தென்படலாம். துடைத்து, துளையையும் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் உப்பி, சில மாதங்களில் ஸ்லைடு பின் முன்னைவிட மோசமாகச் சிக்கிக்கொள்ளும். கிரீஸை அதிகமாக அடைத்தாலும் துளைக்குள் காற்று அடைபட்டு, ஸ்லைடு பின் ஸ்பிரிங்போல் திரும்பித் திரும்பி வெளியே வரும். பல காலிப்பர்களில் இரண்டு ஸ்லைடு பின்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை, ஒன்றின் நுனியில் ரப்பர் வளையம் இருக்கும். எது மேலே, எது கீழே என்பதைக் கழற்றும்போதே குறித்துக்கொள்ள வேண்டும்.

பிஸ்டனின் முகத்தைப் பார்த்தால் கூட்டல் குறிபோல் பள்ளங்கள் தெரியும். பிஸ்டனைத் திருகி உள்ளே அனுப்பும் கருவி இந்தப் பள்ளங்களில்தான் பொருந்துகிறது. பெரும்பாலும் வலஞ்சுழியாகத் திருக வேண்டும், ஆயினும் சில கார்களில் ஒரு பக்கக் காலிப்பருக்குத் திருகும் திசை எதிராக இருக்கும். திருகும்போது தூசுக்காப்பு ரப்பர் பிஸ்டனோடு சேர்ந்து முறுக்கிக்கொள்கிறதா என்று பார்த்து, முறுக்கினால் விரலால் விடுவித்துவிட வேண்டும். பிஸ்டன் உள்ளே போகப் போக பிரேக் ஆயில் மேலே ஏறும் என்பதால், டப்பா நிரம்பி வழிந்து பெயின்ட்டைக் கெடுக்காமல் இடையிடையே பார்த்துக்கொள்வது நல்லது.

கவனக்குறைவால் மிகுதியாக நடக்கும் தவறு இதற்குப் பிறகு வருவது. சிவிக் போன்ற கார்களில் உள் பேடின் முதுகில் ஒரு சிறு முளை இருக்கும், அது பிஸ்டனின் பள்ளத்துக்குள் சரியாக உட்கார வேண்டும். பிஸ்டனைத் திருகி முடித்ததும் பள்ளம் எந்தக் கோணத்தில் நின்றாலும் அப்படியே காலிப்பரை இறக்கி போல்ட்டை முறுக்கினால், முளை பிஸ்டனின் விளிம்பின் மேல் ஏறி நிற்கும். பேட் சாய்ந்து ஒரு முனை மட்டும் டிஸ்க்கைத் தொடும். சத்தம் வரும், பேட் ஆப்புபோல் ஒருபுறம் சரிந்து தேயும், ஹேண்ட் பிரேக்கும் சரியாகப் பிடிக்காது. ஆகவே பிஸ்டனைக் கடைசியில் சிறிது முன்னோ பின்னோ திருகி, பள்ளத்தை முளைக்கு நேராக நிறுத்திய பிறகே மூட வேண்டும்.

மூடுவதற்கு முன் காலிப்பரின் பின்புறம் ஹேண்ட் பிரேக் கேபிள் இழுக்கும் சிறு கையையும் பார்க்க வேண்டும். ஹேண்ட் பிரேக்கை விட்டதும் அது தன் தடுப்பில் போய் முழுமையாக உட்கார வேண்டும். இடைவெளி தெரிந்தால் கேபிள் உள்ளே துருவேறி இறுகியிருக்கிறது, அல்லது பழைய பேட் தேய்ந்திருந்த காலத்தில் யாரோ கேபிளை இழுத்து இறுக்கியிருக்கிறார்கள். எந்தக் காரணமானாலும் பேட் எப்போதும் பாதி அழுத்தத்திலேயே இருக்கும்.

ஷிம், கிரீஸ், டிஸ்க்

பேடின் முதுகில் வரும் மெல்லிய ஷிம் தகடு, அதிர்வு பிஸ்டனுக்குப் போகாமல் தடுப்பதற்காகவே உள்ளது. பழைய ஷிம்மைப் புதுப் பேடின் சொந்த ஷிம்மின் மேல் அடுக்குவது தவறு. சில பேடுகளில் முதுகில் ஒட்டுத்தாள் இருக்கும், அந்த வகையில் மேல்தாளை உரித்து அப்படியே ஒட்ட வேண்டும், கிரீஸ் தேவையில்லை. மற்றவற்றில் பிஸ்டனும் வெளிப் பேடை அழுத்தும் காலிப்பர் விரல்களும் தொடும் இடங்களிலும், பேடின் காதுகளிலும், வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸைப் பொட்டு வைப்பதுபோல் வைத்தால் போதும். பேடின் முகத்திலோ டிஸ்க்கிலோ துளி பட்டாலும் அந்தப் பேட் பயனற்றதாகிவிடும்.

புதுப் பேடைப் பழைய டிஸ்க்கோடு சேர்க்கும்போது டிஸ்க்கின் வெளி விளிம்பை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பழைய பேட் தொடாமல் விட்ட ஓரம் துருவேறி வரம்பாக உயர்ந்திருக்கும். புதுப் பேட் சிறிதே அகலமாக இருந்தாலும் அந்த வரம்பின் மேல் ஏறி உரசும். வரம்பை அரத்தால் தேய்த்துச் சமன் செய்துவிடலாம். டிஸ்க்கின் முகம் கண்ணாடிபோல் மினுங்கினால் 120 அல்லது 150 எண் உப்புத்தாளால் எல்லாத் திசைகளிலும் தேய்த்து, கிளீனரால் துடைத்துவிட வேண்டும். பேடுக்கும் இதையே செய்யலாம், ஆனால் உப்புத்தாளைச் சமமான கண்ணாடியின் மேல் விரித்துத் தேய்க்க வேண்டும். பேடைச் சிமென்ட் தரையில் தேய்த்து மாட்டுவது பட்டறைகளில் சகஜமானாலும், முகம் சமமாக வராததோடு மணலும் ஏறிவிடும்.

ஆழமான கோடுகள் இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் வெட்டலாமே என்று தோன்றும். பின் டிஸ்க் பல கார்களில் ஒன்பது அல்லது பத்து மில்லிமீட்டர் தடிமன் மட்டுமே கொண்டது, தேய்வதற்கென்று விடப்பட்டிருப்பது ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். இரு முகங்களையும் வெட்டிய பிறகு அந்த எல்லையை ஒட்டி நிற்கும் டிஸ்க்கைவிடப் புது டிஸ்க்கே மேல் என்பது என் கருத்து. எப்படியானாலும் டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் துரு இல்லாமல் தேய்த்தெடுக்க வேண்டும். அங்கே ஒட்டியிருக்கும் ஒரு துருச் செதில் போதும், டிஸ்க்கின் விளிம்பு ஒவ்வொரு சுற்றிலும் ஆடுவதற்கு. புது டிஸ்க்கில் துருக்காப்பு எண்ணெய் பூசியிருக்கும், அதையும் கழுவாமல் மாட்டக் கூடாது.

பழக்கி எடுப்பது

எல்லாவற்றையும் கையேட்டில் சொன்ன முறுக்குவிசைக்கு இறுக்கி, காரைக் கீழே இறக்கியதும், நகர்த்துவதற்கு முன் பெடல் கெட்டியாகும் வரை மிதிக்க வேண்டும். இதை மறந்தால் முதல் மிதிப்பில் பெடல் தரைவரை போகும். ஆயில் அளவையும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

புதுப் பேடின் பொருள் டிஸ்க்கின் மேல் சீரான படலமாகப் படிந்தால்தான் பிரேக் அமைதியாக வேலை செய்யும். போக்குவரத்து இல்லாத அதிகாலைப் புறவழிச் சாலையில் 50 அல்லது 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, மிதமான அழுத்தத்தில், முழுவதும் நிறுத்தாமல் எட்டுப் பத்து முறை குறைத்து, ஒவ்வொன்றுக்கும் இடையே சற்று ஓட்டி ஆறவிட வேண்டும். முடித்ததும் பிரேக்கை அழுத்திப் பிடித்தபடி நிற்காமல் ஐந்து பத்து நிமிடம் ஓட்டிக் குளிரவிட வேண்டும், சூட்டோடு ஹேண்ட் பிரேக்கையும் இழுக்கக் கூடாது. அதன் பிறகு முதல் 300 கிலோமீட்டர் வரை சிறு முணுமுணுப்பு இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம்.

அதற்குப் பிறகும் கீச்சொலி மட்டும் நீடித்து, மேலே சொன்ன எதிலும் குறை தெரியாவிட்டால், அப்போது பேடின் கலவையைச் சந்தேகிக்கலாம். இரும்புத் துகள் மிகுந்த பேடுகள் நன்றாகப் பிடிக்கும், ஆனால் சத்தமும் போடும். செராமிக் வகை பெரும்பாலும் அமைதியானது. பின்சக்கரத்துக்குப் பொதுவாக முன்சக்கரத்தைவிடக் குறைந்த வேலையே வருவதால், நகரத்துக்குள் மட்டும் ஓடும் காருக்குச் சூடேறினால்தான் பிடிக்கும் வகையை வாங்க வேண்டியதில்லை. வேகம் குறையும்போது ஓட்டத்தின் ஆற்றலை மோட்டாரே மின்சாரமாக்கிக்கொள்ளும் ஹைபிரிட், மின்சாரக் கார்களில் பின் பேடுக்கு வேலை இன்னும் குறைவு, டிஸ்க் துருப்பிடித்தே கிடக்கும். வோக்ஸ்வேகன் தன் ஐடி.3, ஐடி.4 மின்சாரக் கார்களில் பின்சக்கரத்துக்கு மறுபடியும் டிரம் பிரேக்கையே வைத்திருக்கிறது.

சில கார்களில் ஹேண்ட் பிரேக் காலிப்பரில் இல்லாமல், டிஸ்க்கின் நடுக்குடத்துக்குள் சிறு டிரம் பிரேக்காக இருக்கும். அந்த அமைப்பில் பேடை மாற்றுகையில் டிஸ்க்கையும் கழற்றியிருந்தால், டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் ஸ்பிரிங் விலகியிருக்கிறதா, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் அதிகமாகத் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேடையே முழுவதும் எடுத்துவிட்டு டிஸ்க்கைச் சுற்றினாலும் உரசல் கேட்டு, தகரத் தடுப்பும் தொடாமல் இருந்தால், சத்தம் அந்த ஷூவிலிருந்துதான் வருகிறது.

கடைசியாக ஒரு சோதனை. பிரேக்கை அதிகம் தொடாமல் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி நிறுத்தியதும், இரு பின்சக்கரங்களின் அருகில் கையைக் கொண்டுபோய், தொடாமல், சூட்டை ஒப்பிட வேண்டும். வெப்பமானித் துப்பாக்கி கிடைத்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் மட்டும் தெளிவாகக் கூடுதல் சூடாக இருந்தால், பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ கேபிளோ இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது உள்ளே உப்பிப்போன ஹோஸ் ஆயிலைத் திரும்ப விடாமல் தடுக்கிறது. அந்த நிலையில், காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியேற்ற உதவும் பிளீடர் போல்ட்டைச் சிறிது தளர்த்தியதும் சக்கரம் விடுபட்டால் குறை ஹோஸிலோ அதற்கு மேலுள்ள ஆயில் பாதையிலோ இருக்கிறது. தளர்த்தியும் விடுபடாவிட்டால் காலிப்பரையே பிரித்துப் பழுது பார்க்கவோ மாற்றவோ வேண்டியிருக்கும். பட்டறையில் கொடுக்கும்போது 'சத்தம் வருகிறது' என்று மட்டும் சொல்லாமல் எந்தச் சக்கரம், எந்த வேகம், மிதிக்கும்போதா விடும்போதா, எந்தப் பக்கம் சூடு என்று எழுதிக் கொடுத்தால், மெக்கானிக் நேராக அந்தக் காலிப்பரிலிருந்தே வேலையைத் தொடங்க முடியும்.